ஒன்று புள்ளி ஒன்று

இல்லை அண்ணே, இதை ரிப்பேர் செய்து தர வேண்டாம். இது ரிப்பேர் என்று ஒரு தாளில் எழுதித் தந்தால் போதும்.

சிரிக்காதீர்கள். நீங்கள் சிரித்தால் எனக்குப் பேச்சு நின்றுவிடும். அப்படியே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து இங்கே வருவதற்குள் மூன்று கடையைத் தாண்டி வந்திருக்கிறேன். ஒன்றில் கூட்டம். ஒன்றில் நான்கைந்து பேர் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதில் யாருமே இல்லை, அதனாலேயே உள்ளே போகப் பயமாக இருந்தது. நீங்கள்தான் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதையே மேசை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தீர்கள். சரி, இவரிடம் பேசலாம் என்று தோன்றியது.

ஆமாம், இந்தக் கீபோர்டுதான். எழுத்தெல்லாம் விழும். நம்பர் பக்கத்தில், கீழே, சைபரை ஒட்டி ஒரு புள்ளி இருக்கிறதில்லையா, அது மட்டும்தான். சில சமயம் விழும், சில சமயம் விழாது. பழசாகிவிட்டது, அவ்வளவுதான். நாலு வருஷம் ஆகிறது. பழசானால் தேயும்தானே? 'நாள்பட்டுத் தேய்ந்ததால் புள்ளி சரியாக விழவில்லை' என்று உங்கள் கடை பெயர் போட்ட தாளில் எழுதி ஒரு சீல் வைத்துத் தந்தால் நான் போய்விடுவேன்.

கழற்றிப் பார்க்காமல் எழுதமாட்டீர்களா? கழற்றத்தான் வேண்டுமா?

சரி, கழற்றுங்கள். நியாயம்தான். எத்தனை ஸ்குரூ இருக்கும் இதில்? பதினொன்றா? அதுவரை எதற்கு என்று சொல்கிறேன். சொன்னால் நீங்களே புரிந்துகொள்வீர்கள். சும்மா ஒருத்தருக்கு உதவி, அவ்வளவுதான்.

நான் வத்தலக்குண்டு. அங்கே ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ரிப்போர்ட் அடிக்கிற வேலை. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயன்ஸ் முடித்திருக்கிறேன். இந்த வேலைக்கு அது தேவையில்லை என்று எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது யாராவது சொல்வார்கள். ஆனால் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது அண்ணே. யாரிடமும் பேச வேண்டியதில்லை. ரத்தம் எடுப்பது, பார்ப்பது எல்லாம் அமலதாஸ் அண்ணன். அவர்தான் டெக்னீஷியன். பதினாறு வருஷமாக அந்த லேபில் இருந்தவர். மிஷினில் வருகிற அளவை ஒரு துண்டுத்தாளில் எழுதி என் மேசைக்கு அனுப்புவார். சுகர் இவ்வளவு, யூரியா இவ்வளவு என்று. நான் அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடித்து, லேப் பெயர் போட்ட தாளில் பிரிண்ட் எடுத்து, கவரில் போட்டுக் கொடுக்க வேண்டும். அடித்து முடித்த துண்டுத்தாளை ஒரு கிளிப்பில் செருகி வைப்போம். வாரம் ஒருமுறை கிழித்துப் போடுவோம்.

ரிப்போர்ட்டில் கையெழுத்து அமலதாஸ் அண்ணனுடையது. முறைப்படி நான் அடித்ததும் அவர் துண்டுத்தாளை வைத்து ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் அவர் எங்கே இருப்பார்? ஆறு மணிக்கு டிவிஎஸ் பிப்டியில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் படுக்கையில் இருக்கிற நோயாளிகள் வீடு, இரண்டு நர்சிங் ஹோம் என்று போய் ரத்தம் எடுத்துக்கொண்டு வருவார். திரும்பி வந்து மிஷினில் வைத்துவிட்டு மறுபடியும் கிளம்புவார். ஜனங்கள் கவுன்டரில் நின்றுகொண்டு "ரிப்போர்ட்டு ரெடியாம்மா, பஸ்ஸு போயிரும்மா" என்பார்கள். அதனால் எங்கள் முதலாளி நாகநாதன் சார் ஒரு வழி செய்தார். அமலதாஸ் அண்ணன் காலையிலேயே வெறும் தாளில் ஐம்பது கையெழுத்துப் போட்டு அடுக்கி வைத்துவிட வேண்டும். நான் அதில் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம்.

ஆமாம், தப்புதான். எல்லாருக்கும் தெரியும் தப்பு என்று. ஆனால் எனக்கு அது வசதியாக இருந்தது. ஒவ்வொரு தாளுக்கும் "அண்ணே, கையெழுத்து" என்று எழுந்து போய் நிற்க வேண்டாம் பாருங்கள். சார் "உனக்கு இது சரியா வருமாம்மா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

அமலதாஸ் அண்ணன் எப்படிப்பட்டவர் என்றால், ஊசிக்குப் பயந்து முகத்தைத் திருப்புகிறவர்களிடம் "திருப்பாதீங்க, என் மூஞ்சியப் பாருங்க. இதைப் பாத்தா ஊசி ஒரு வலியா?" என்பார். கையில் நரம்பே தெரியாத குழந்தைகளுக்குக் கூட ஒரே குத்தில் எடுத்துவிடுவார். நர்சிங் ஹோமில் நர்சுகளுக்குக் கிடைக்காத நரம்பு அவருக்குக் கிடைக்கும். பதினொரு மணிக்கு எல்லோருக்கும் டீ வாங்கி வருவார். எனக்கு மட்டும் சர்க்கரை தூக்கலாக. நான் கேட்டதில்லை. ஒரு நாள் நான் குடிக்கும்போது முகத்தைப் பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து அவராகவே அப்படிச் சொல்லிவிட்டார்.

அவருக்குத்தான் வேலை போய்விட்டது. ஆறு வாரம் ஆகிறது.

எப்படி என்றால், சடையாண்டி என்று ஒருவர். மலையடிவாரத்துக் கிராமம். தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். முட்டிவலிக்கு மாத்திரை சாப்பிடுகிறார், கிட்னி எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று டாக்டர் யூரியா, கிரியாட்டினின் டெஸ்ட் எழுதியிருந்தார். கிரியாட்டினின் ஒன்றரைக்குள் இருந்தால் பயமில்லை. அவருக்கு ஒன்று புள்ளி ஒன்று. நல்ல கிட்னி. ஆனால் ரிப்போர்ட்டில் பதினொன்று என்று போய்விட்டது. புள்ளி விழவில்லை.

பதினொன்று என்றால் தெரியுமா அண்ணே? இரண்டு கிட்னியும் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

அவர் அதை டாக்டரிடம் காட்டியிருந்தால் டாக்டருக்கே சந்தேகம் வந்திருக்கும். யூரியா ஒழுங்காக இருக்கிறதே, இது மட்டும் எப்படி என்று. ஆனால் டாக்டர் அன்றைக்கு லீவு. மெடிக்கல் ஷாப்பில் காட்டியிருக்கிறார். கடைக்காரர் பார்த்துவிட்டு அவர் தோளில் கையை வைத்து, "உடனே மதுரைக்குக் கிளம்புங்க, கூட யாராச்சும் இருக்காங்களா?" என்றாராம். "அந்தக் கைய வச்சதுலதான் எனக்கு எல்லாம் விட்டுப்போச்சு" என்று சடையாண்டி பிறகு சொன்னார்.

இதெல்லாம் நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை மத்தியானம் அவர் லேபுக்கு வந்தார். கூட அவர் தம்பி. வாசலில் வரும்போதே சத்தம். "எவன்டா இங்க ரத்தம் பாக்குறவன்!" என்று.

மதுரையில் மறுபடியும் பார்த்து ஒன்று புள்ளி ஒன்று என்று சொல்லிவிட்டார்கள். சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மனுஷன் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்ன செய்திருக்கிறார் என்றால், செத்துப்போகப் போகிறோம் என்று நேராகத் தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறார். ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை. வாய்க்கால் தண்ணீரை யார் முதலில் பாய்ச்சுவது என்று தகராறு.

"ஒம்போது வருசமா மூஞ்சியில முழிக்காதவன் வீட்டு வாசல்ல போயி நின்னேன்யா! நின்னு அழுதேன்யா! 'தம்பி, நான் போகப்போறேன்டா, மொத மொறைத் தண்ணிய இனிமே நீயே பாய்ச்சிக்க'ன்னு வாயால சொல்லிப்புட்டேன்யா! இப்ப அதை எப்படிய்யா திரும்பக் கேக்குறது?"

பின்னால் நின்ற தம்பி மெதுவாக, "கேக்க வேணாம்ண்ணே" என்றார்.

அங்கே இருந்த இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். சடையாண்டிக்கு இன்னும் கோபம் வந்துவிட்டது. கவுன்டர் கண்ணாடியில் ஓங்கி ஒரு அறை. நாகநாதன் சார் உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"அமலதாசு! இது யார் கையெழுத்து?"

"என்னோடது சார்."

"பாக்காமயே போட்டியா?"

"சார், காலையில போட்டு வைக்கச் சொன்னது..." என்று ஆரம்பித்தார். சுற்றி ஜனங்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நிறுத்தியதை நான் பார்த்தேன். சாரும் பார்த்தார்.

சார் என் பக்கம் திரும்பினார். "நீ என்னத்தப் பாத்து அடிச்சம்மா?"

"தாள்ல இருந்ததைத்தான் சார் அடிச்சேன்."

அவ்வளவுதான் அண்ணே நான் சொன்னது. இதில் ஒரு பொய் உண்டா, நீங்களே சொல்லுங்கள். எனக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே வராது. தாளில் இருந்ததைத்தான் அடித்தேன். ஒன்று, புள்ளி, ஒன்று. மூன்று கீயையும் அழுத்தினேன். ஒரு கீ விழவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அமலதாஸ் அண்ணன் கிளிப்பில் துண்டுத்தாளைத் தேடினார். திங்கள், செவ்வாய், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கிடைக்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். "நான் புள்ளி வச்சிருப்பேனே சார்" என்றார். அதைச் சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. சார், "இருப்பேனேன்னா என்னய்யா அர்த்தம்? வச்சியா வைக்கலையா?" என்று கேட்டார். அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள்.

என்ன அண்ணே, நிறுத்திவிட்டீர்கள்?

எங்கே? அது... பழுப்பாக இருக்கிறது, ஆமாம். தூசியாக இருக்கும். லேபுக்கு முன்னால் ரோடு போடுகிறார்கள்.

ஒட்டுகிறதா?

எறும்பா? எத்தனை? செத்த எறும்புதானே. எறும்பு எல்லா இடத்திலும்தான் இருக்கும்.

சரி. டீதான். மூடியை அப்படியே வையுங்கள், சொல்கிறேன்.

சடையாண்டி வருவதற்கு இரண்டு வாரம் முந்தி. என் மேசைக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். 'இங்கே டீ, டிபன் வைக்கக் கூடாது' என்று. அதை அடித்து ஒட்டியதே நான்தான், சார் சொல்லி. அதற்கு நேர் கீழே கிளாசை வைத்திருந்தேன். ஒரு அம்மா கவுன்டரில் வந்து சத்தமாக "ஏம்மா, சுகர் ரிசல்ட்டு வந்துச்சா?" என்று கேட்டார்கள். எனக்கு யாராவது சத்தமாகக் கேட்டால் தூக்கிவாரிப் போடும். முழங்கை பட்டது. அரை கிளாஸ் போல நம்பர் பக்கமாகக் கொட்டிவிட்டது.

யாரும் பார்க்கவில்லை. உடனே கவிழ்த்துத் தட்டினேன். பஞ்சு எடுத்துத் துடைத்தேன். ஊசி போடுமுன் தடவுகிற ஸ்பிரிட்டை விட்டுத் துடைத்தேன். அது செய்யக் கூடாதா? எனக்குத் தெரியவில்லை. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது ஃபேனுக்குக் கீழே தலைகீழாக வைத்தேன். எழுத்தெல்லாம் விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் விழுந்தது. புள்ளி மட்டும் அமுங்கினால் மெதுவாக எழுந்து வந்தது, தூக்கத்தில் எழுப்பின ஆள் மாதிரி.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை அண்ணே. நோட்பேடைத் திறந்து பத்துத் தடவை அடித்துப் பார்ப்பேன். ஒரு நாள் ஒன்பது விழும். ஒரு நாள் ஆறு விழும். ஒயரைப் பிடுங்கி வேறு ஓட்டையில் செருகிப் பார்த்தேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். போனில் வீடியோ பார்த்து, கொண்டை ஊசியால் அந்தப் புள்ளிக் கீயை நெம்பி எடுத்து, பட்ஸில் அடியைத் துடைத்தேன். மூன்று நாள் நன்றாக இருந்தது. நாலாவது நாள் பழையபடி.

எழுத்துப் பக்கத்தில் இன்னொரு புள்ளி இருக்கிறதே, அதை அடித்திருக்கலாமே என்கிறீர்கள். அடித்தேன். ஞாபகம் இருக்கும்போதெல்லாம் அடித்தேன். ஆனால் இரண்டு வருஷமாக வலது கை நம்பர் பக்கத்திலேயே பழகிவிட்டது. அவசரம் என்றால் கை தானாக அங்கேதான் போகும். அதனால் ஒவ்வொரு ரிப்போர்ட்டும் பிரிண்ட் கொடுக்குமுன் திரையில் புள்ளி புள்ளியாகப் பார்ப்பேன். ஒரு நாளைக்கு வருகிற முப்பது, முப்பத்தைந்து ரிப்போர்ட்டிலும் பார்ப்பேன். சடையாண்டியுடையதை மட்டும் பார்க்கவில்லை. அவர் கவுன்டரில் குனிந்து நான் அடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். "படபடன்னு அடிக்கிறியே தாயி" என்றார். யாராவது பார்த்தால் எனக்குக் காது சூடாகிவிடும். சீக்கிரம் போகட்டும் என்று பிரிண்ட் கொடுத்துவிட்டேன்.

அமலதாஸ் அண்ணனிடம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். ஆமாம். அவராகவே கேட்டார், அதுதான். ஒரு நாள் என் சீட்டில் உட்கார்ந்து ஏதோ அடித்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்தக் கீயி ஒட்டுதே. சார்கிட்ட சொல்லி வேற வாங்கித் தரவா?" என்றார்.

"வேண்டாம்ண்ணே. ஒட்டுச்சு, இப்ப சரியாயிருச்சு" என்றேன்.

புதுசு வந்தால் பழசை சார் தூக்கிப் பார்ப்பாரே. டீ வாடை வரும். ஸ்பிரிட் வாடை வரும். சுவரில் நானே ஒட்டிய தாள் வேறு. அவர் திட்டுவார் என்றுகூட இல்லை அண்ணே. எல்லோரும் ஒரு நிமிஷம் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். அது எனக்கு முடியாது.

அவர் நம்பிவிட்டார். "சரியாயிருச்சுன்னா சரி" என்று எழுந்து போனார். சடையாண்டி வந்து கத்தின அன்றைக்கும் அவருக்குக் கீபோர்டு ஞாபகம் வரவில்லை. வந்தாலும், சரியாகிவிட்டது என்று நான் சொல்லியிருந்தேனே.

மறுநாளே ஒரு புதுக் கீபோர்டு வாங்கிவிட்டேன். இதே கம்பெனி, இதே கறுப்பு. துப்பட்டாவில் சுற்றிக் கொண்டுபோய், காலையில் யாரும் வருமுன் மாற்றிவிட்டேன். பழைய ஒயரைப் பிடுங்கிப் புது ஒயரைச் செருகினேன். அவ்வளவுதான். வேறு ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. ஒரு நிமிஷ வேலை அண்ணே. அந்த ஒரு நிமிஷ வேலையை நான் இரண்டு வாரம் செய்யவில்லை.

சார் இன்றைக்கு வரை கவனிக்கவில்லை. எழுத்தெல்லாம் பளிச்சென்று இருக்கிறது, பழையதில் பாதி அழிந்திருக்கும். அவர் கண்ணில் படவே இல்லை. போன வாரம் என்னிடம் வந்து, "பாத்தியா, அவன் போனதுலேர்ந்து ரிப்போர்ட்டெல்லாம் சுத்தமா வருது" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

இந்தத் தலையை ஆட்டுகிறதை யாராவது எனக்கு மறக்கடித்தால் தேவலை.

அமலதாஸ் அண்ணனைப் போன செவ்வாய்க்கிழமை பார்த்தேன். மச்சானுடைய முட்டைக் கடையில் நிற்கிறார். அட்டையில் முட்டையை அடுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் இரண்டிரண்டாக எடுத்து, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்து வைக்கிறார். நான் அந்தப் பக்கம் திரும்பாமல் போய்விடலாம் என்றுதான் பார்த்தேன். அவரே கூப்பிட்டார்.

"என்னம்மா, பாக்காத மாதிரி போற? முட்டை இலவசமாக் கேப்பேன்னு பயந்துட்டியா, நான்தானே விக்கிறவன்."

சிரித்தார். நானும் சிரித்தேன். வேறு வேலை பார்க்கிறாரா என்று கேட்டேன். இங்கே திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்களாம். ஆனால் கடைசியாக வேலை பார்த்த இடத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டுமாம். வருகிற திங்கட்கிழமைக்குள். நாகநாதன் சாரிடம் இரண்டு தடவை போய்க் கேட்டாராம். "தப்பா ரிப்போர்ட் கொடுத்தவனுக்கு நான் எப்படிய்யா நல்லவன்னு எழுதிக் கொடுக்குறது?" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

இதைக்கூட நான் தாங்கிக்கொண்டிருப்பேன். பிறகு ஒன்று சொன்னார். முட்டையை அடுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அது கிடைச்சாலும் போறதா வேணாமான்னு இருக்கும்மா. நான்தான் புள்ளி வைக்காம விட்டுட்டேன்போல. எத்தனையோ தடவை நெனச்சுப் பாத்துட்டேன், வச்ச மாதிரியும் இருக்கு, வைக்காத மாதிரியும் இருக்கு. இன்னொரு ஆஸ்பத்திரியில போயி இதே மாதிரி யாருக்காவது செஞ்சுட்டா?"

அண்ணே, அவர் புள்ளி வைத்திருந்தார்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், தெரியும். அழுத்தமாக வைத்திருந்தார். பேனா அழுத்தித் தாளில் பள்ளம் விழுந்த மாதிரி.

ஆமாம். அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. இதோ இந்தப் பர்சில். சடையாண்டி வாசலில் கத்திக்கொண்டு வரும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கிளிப்பில் செவ்வாய்க்கிழமைத் தாள்களைப் புரட்டினேன். நாலாவது தாள். ஒன்று புள்ளி ஒன்று. பார்த்தேன், உருவினேன், நாலாக மடித்தேன். கவுன்டர் கண்ணாடியில் அந்த அறை விழுவதற்குள் பர்சுக்குள் போய்விட்டது. எதற்கும் நடுங்குகிற கை எனக்கு. அப்போது மட்டும் நடுங்கவே இல்லை அண்ணே. அதை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே பயமாக இருக்கிறது.

அவர் அந்தக் கிளிப்பை இரண்டு தடவை தேடினார் என்றேனே. இரண்டாவது தடவை தேடும்போது நான்தான் பக்கத்தில் நின்று, அவர் பார்த்த தாள்களை வாங்கி வாங்கி அடுக்கினேன்.

அப்படிப் பார்க்காதீர்கள். வேண்டாம்.

நான் என்ன நினைத்து வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் 'பழசாகித் தேய்ந்துவிட்டது' என்று எழுதிக் கொடுப்பீர்கள். நான் பழைய கீபோர்டையும் உங்கள் தாளையும் சாரிடம் காட்டி, "மாத்தி வச்சேன் சார், சந்தேகமா இருந்துச்சு, கடையில காட்டினேன்" என்று சொல்வேன். மிஷின் தப்பு. அமலதாஸ் அண்ணன் தப்பும் இல்லை, யார் தப்பும் இல்லை. சார் கடிதம் கொடுத்துவிடுவார். அண்ணன் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிடுவார். எனக்கும் ஒன்றும் ஆகாது. இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தேன் இதை. எல்லோரும் நன்றாக இருக்கிற மாதிரி ஒரு வழி. நன்றாகத்தானே இருக்கிறது?

பார்த்ததைத்தான் எழுதுவீர்கள். சரி.

ஆனால் 'டீ' என்று போடாமல் 'ஈரம்' என்று போடலாம் இல்லையா? ஈரம் என்றால் மழைக்காலத்தில் தானாகக்கூட வரும். அந்த எறும்பை எழுத வேண்டாமே. சர்க்கரை என்று எழுதினால் எறும்பைத் தனியாக எழுத வேண்டியதில்லை என்கிறீர்கள். அதுவும் சரிதான்.

எழுதுங்கள். 'உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவில் சர்க்கரை கலந்த டீ இறங்கிக் காய்ந்ததால் புள்ளிக் கீ சில நேரம் வேலை செய்யவில்லை.' ஆமாம், அப்படியே எழுதுங்கள். தேதி போடுங்கள். சீல் கொஞ்சம் தெளிவாக விழுகிற மாதிரி.

ஒரு சந்தேகம் அண்ணே. இதை எடுத்துக்கொண்டு முதலில் யாரிடம் போவது? அமலதாஸ் அண்ணனிடமா, சாரிடமா? முட்டைக் கடை வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டை ஒட்டித்தான் இருக்கிறது. இறங்கியதும் அதுதான் வரும். நான் போய் நின்று சொன்னால் அவருக்கு முதலில் கோபம்கூட வரலாம். வரட்டும். அப்புறம் துண்டுத்தாளைக் கையில் வாங்கி அந்தப் புள்ளியைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "போம்மா, விடு, அழாத" என்று சொல்லிவிடுவார். நான் அவரை இரண்டு வருஷம் தினமும் பார்த்திருக்கிறேன். கட்டாயம் சொல்லிவிடுவார்.

அதுதான் பயம். அவர் மன்னித்துவிட்டால் நான் வீட்டுக்குப் போய்விடுவேன். சாரிடம் போகமாட்டேன். நாளை போகலாம், திங்கட்கிழமை காலையில் போகலாம் என்று இருந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். மன்னிப்பை வாங்கிக்கொண்டு கடிதத்தை வாங்கித் தராமல் விட்டுவிடுகிற ஆள் நான்.

அதனால் சாரிடம்தான் முதலில்.

ஆனால் பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரம். ஒரு மணி நேரம் யோசித்தால் போதும், வேறு மாதிரி சொல்லக் கற்றுக்கொண்டுவிடுவேன். இரண்டு நாள் யோசித்து என்ன கொண்டுவந்தேன் என்றுதான் பார்த்தீர்களே.

இங்கிருந்தே கூப்பிடட்டுமா? நீங்கள் உள்ளே போகாதீர்கள் அண்ணே. வேறு வேலை இருந்தாலும் ஐந்து நிமிஷம் இங்கேயே நில்லுங்கள். என்னைப் பார்க்க வேண்டாம், அந்தக் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். ஒருத்தர் கேட்டுக்கொண்டு நின்றால் நான் பாதியில் மாற்ற முடியாது.

ரிங் போகிறது.

"சார், வணக்கம் சார். ரேணுகாதேவி பேசுறேன் சார்... இல்ல சார், பல்வலி இல்ல சார். பல்லுக்கு ஒண்ணும் இல்ல. லீவுக்காகச் சொன்னேன்... இல்ல சார், திண்டுக்கல்ல இருக்கேன். அமலதாஸ் அண்ணன் விஷயமா பேசணும் சார்... அவர் சொல்லச் சொல்லல சார், அவருக்குத் தெரியாது. சார்... சார், ஒரு நிமிஷம் சார். நான் முழுசாச் சொல்லி முடிச்சிர்றேன் சார். அதுவரைக்கும் நடுவுல பேசாதீங்க சார்."